உம்மாவின் ரிப்போர்ட்டில் ஓர் எண்



அக்குறணையிலிருந்து ஒரு சகோதரி எழுதிய நான்கு பக்கக் கடிதம் இம்மாதம் வந்தது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. அவருடைய உம்மாவுக்கு வயது 66. பிரஷரும் சீனி வருத்தமும் பல வருடங்களாக உண்டு. ஜனவரியில் ஓர் இரவு மூச்சு முட்டி, படுக்கவும் முடியாமல், கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் எட்டு நாட்கள் இருந்தாராம். இருதயம் பலவீனப்பட்டிருக்கிறது, ‘ஹார்ட் பெயிலியர்’ என்று சொல்லி மருந்து கொடுத்து அனுப்பினார்கள். சென்ற மாதம் கிளினிக் டொக்டர் ஓர் இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். என்.ரி.-புரோ-பி.என்.பி. என்று அதற்குப் பெயர். விடை 4,180. பக்கத்தில் அச்சிட்டிருந்த சாதாரண அளவோ 125க்குக் கீழ்!

கட்டாரில் வேலை செய்யும் நானாவுக்கு அந்த ரிப்போர்ட்டின் படம் போயிருக்கிறது. அவர் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, இந்த எண் கூடியவர்கள் அதிக நாள் இருக்க மாட்டார்களாம் என்று சொல்லி அழுதிருக்கிறார். ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. இடையில் வந்தால் வேலை போய்விடும். உம்மாவிடம் எவரும் எதுவும் சொல்லவில்லை. வீட்டில் எல்லாரும் திடீரென்று மெதுவாகப் பேசுவதைக் கண்டு அவராகவே, “எனக்கு என்ன நடந்திருக்கு? ஏன் எல்லாரும் இப்படிப் பாக்கிறீங்க?” என்று கேட்கிறாராம். ‘நானாவை வரச் சொல்வதா, வேண்டாமா?’ இதுதான் சகோதரியின் கேள்வி.

கடிதத்தின் அடியில் பின்குறிப்பாக ஒரு வரி: ‘ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பைலில் ஜனவரி மாத ரிப்போர்ட்டும் இருக்கிறது. அதில் 7,140 என்று இருக்கிறது. அதுவும் கூடத்தானே?’

அந்த ஒரு வரியை நான் மூன்று தடவை வாசித்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம்.

‘பெயிலியர்’ என்ற சொல்லே பாதி உயிரை எடுத்துவிடுகிறது. பரீட்சையில் பெயிலானது போல இருதயம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். அப்படியல்ல. இருதயம் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. உடம்புக்குத் தேவையான அளவு இரத்தத்தை வேண்டிய விதமாக இறைக்க அதற்கு வலுப் போதவில்லை, அவ்வளவுதான். அதனால் நீரும் உப்பும் உடம்பில் தேங்குகின்றன. கால் வீங்குகிறது. படுத்தால் மூச்சு வாங்குகிறது. ஒரு தலையணை இரண்டாகி மூன்றாகிறது. நம் பகுதி வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தெருவிலிருந்து வாசலுக்கு முப்பது நாற்பது படி ஏற வேண்டும். சென்ற வருடம் ஒரே மூச்சில் ஏறியவர் இந்த வருடம் நடுவில் நின்று சுவரைப் பிடிக்கிறார்.

இருதயத்தின் மேலறைகளுக்குள் வேறொரு வேலையும் நடக்கிறது என்பதை 1981இல் கனடாவில் அடொல்போ டி போல்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் கண்டார்கள். எலிகளின் மேலறைத் தசையிலிருந்து எடுத்த சாற்றை வேறு எலிகளுக்கு ஏற்றினார்கள். சற்று நேரத்தில் அந்த எலிகள் உப்பும் நீருமாகச் சிறுநீரைக் கொட்டித் தீர்த்தன. இரத்தத்தை இறைக்கும் இயந்திரம் என்று மட்டும் நினைத்திருந்த உறுப்பு, ஒரு சுரப்பியாகவும் இருந்தது! 1988இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பொருளைப் பன்றியின் மூளையில் கண்டெடுத்தார்கள். முகம் சுளிக்க வேண்டாம், அது அவர்களுடைய ஆய்வுகூடத்து விஷயம். நம்மிடம் எடுப்பது நம் இரத்தம் மட்டுமே. மூளையில் கிடைத்ததால் மூளைக்குரிய ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தான ‘பி’ அதன் பெயரில் ஒட்டிக்கொண்டது. பிறகு பார்த்தால், அது ஏராளமாக உண்டாவது இருதயத்தின் கீழறைகளில்தான். பெயரை மாற்ற எவருக்கும் மனம் வரவில்லை போலும்.

இருதய அறை அளவுக்கு மிஞ்சி நிரம்பி, அதன் சுவர் இழுபடும்போது, தசைக் கலங்கள் ஒரு நீண்ட புரதச் சங்கிலியை உண்டாக்குகின்றன. அது இரண்டாக வெட்டுப்படுகிறது. ஒரு துண்டு பி.என்.பி. அதுதான் வேலைக்காரத் துண்டு: சிறுநீரகத்திடம் ‘உப்பையும் நீரையும் வெளியே அனுப்பு’ என்கிறது, இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. மற்றத் துண்டு என்.ரி.-புரோ-பி.என்.பி. அதற்கு வேலை எதுவும் தெரியவில்லை, ஆனால் இரத்தத்தில் கூடுதல் நேரம் நிற்பதால் அளப்பதற்கு வசதி. ஆகவே சகோதரியே, உங்களைப் பயமுறுத்திய அந்தப் பொருள் நஞ்சல்ல. பாரம் தாங்காத இருதயம் தனக்குத்தானே செய்துகொள்ளும் வைத்தியத்தின் அடையாளம் அது. எண் எவ்வளவு கூடுகிறதோ, இருதயம் அவ்வளவு இழுபடுகிறது என்று பொருள்.

அளவு மிகச் சிறியது. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் இத்தனை பிகோகிராம் என்று கணக்கிடுகிறார்கள். ஒரு கிராமை இலட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு பிகோகிராம். நடமாடித் திரியும் ஒருவருக்கு 125க்குக் கீழ் இருந்தால், அவருடைய இளைப்புக்குக் காரணம் பெரும்பாலும் இருதயமல்ல என்று டொக்டர் வேறு பக்கம் தேடுவார். அந்த 125 என்ற கோடு அதற்காகத்தான், அதாவது நோய் உண்டா இல்லையா என்று பிரித்துப் பார்ப்பதற்காகத்தான். நோய் இருப்பது தெரிந்துவிட்ட ஒருவரை அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி ‘முப்பத்து மூன்று மடங்கு’ என்று கணக்குப் போடுவதில் பொருளில்லை. போதாததற்கு, வயது கூடினால் எண் கூடும். சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் கூடும். இருதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தால் கூடும். உடம்பு பருத்தவர்களுக்கோ நோய் இருந்தும் எண் குறைவாகக் காட்டும்; நமது தாய்மார்களில் பலர் அந்த வகை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். எண் குறைவு என்று கால் வீக்கத்தைக் கவனியாமல் விடலாகாது.

இனி நானா படித்த விஷயத்துக்கு வருவோம். அவர் படித்தது பொய்யல்ல. எண் உயர்ந்தவர்களின் கூட்டத்தையும் தாழ்ந்தவர்களின் கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உயர்ந்த கூட்டத்தில் ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிறவர்களும் மௌத்தாகிறவர்களும் அதிகம். பல நாடுகளில் பல்லாயிரம் பேரிடம் பார்த்து உறுதியான சங்கதி இது. ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய பேச்சு. ஹந்தானை மலையில் மேகம் இறங்கினால் கண்டியில் மழை வரப் போகிறது என்று நாம் சொல்லிவிடுவோம். யார் வீட்டுக் கொடியில் காயும் துணி நனையும் என்று சொல்வோமா? துணியை எடுத்து உள்ளே போடுகிற வீடும் இருக்கிறது அல்லவா? ஒருவருடைய ஹயாத்து எவ்வளவு என்பது அல்லாஹ்வின் அறிவில் உள்ளது. எந்த லெப்பிலும் அதை அளக்கும் இயந்திரம் இல்லை. அளப்பதாக எந்த ஆய்வாளரும் சொன்னதும் இல்லை.

இப்போது அந்தப் பின்குறிப்பு வரி. 7,140 ஆக இருந்தது 4,180க்கு வந்திருக்கிறது. நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் இறக்கம்! இந்த எண் காரணமில்லாமலே சற்று ஏறி இறங்கும் இயல்புடையது. நூற்றுக்கு முப்பதைத் தாண்டிய மாற்றத்தைத்தான் பொருளுள்ள மாற்றமாக வைத்தியர்கள் கொள்கிறார்கள். உங்கள் உம்மாவுடையது அதைத் தாண்டிய இறக்கம். 2003இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், நாலாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் பி.என்.பி. அளவை மாதங்கள் விட்டுப் பார்த்தார்கள். அளவு நன்றாக இறங்கியவர்களிடம் மரணம் குறைவு, ஏறியவர்களிடம் அதிகம். அதாவது, அடுத்த வீட்டாருடைய எண்ணோடும் லெப்பில் அச்சிட்ட எண்ணோடும் அல்ல, உம்மாவின் எண்ணை உம்மாவின் பழைய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். நீங்கள் எல்லாரும் அழுதுகொண்டிருந்த அந்த ரிப்போர்ட் உண்மையில் ஒரு நல்ல செய்தியைக் கொண்டு வந்திருக்கிறது. பைலின் அடியில் கிடந்த முதல் ரிப்போர்ட்டை எடுத்து எவரும் பக்கத்தில் வைக்கவில்லை, அதுதான் நடந்தது.

இருதயத்தின் பாரம் குறைகிறது; நோய் போய்விடவில்லை. 4,180 இன்னும் கூடிய அளவுதான். அதை இன்னும் இறக்க முடியுமா என்பதுதான் இனிப் பேச வேண்டியது.

அதற்கு மாதா மாதம் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் 894 பேரைக் கொண்டு இதையே பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு இந்த எண்ணை 1,000க்குக் கீழ் இறக்குவதையே குறியாக வைத்து மருந்தைக் கூட்டினார்கள். மறு பகுதியினருக்கு வழக்கமான முறையில் நல்ல வைத்தியம். முடிவில் இரு பகுதியினருக்கும் வித்தியாசமில்லை. தனியார் லெப்பில் ஆயிரக்கணக்கில் கொடுத்து அடிக்கடி இந்தப் பரிசோதனையைச் செய்கிற காசு, மருந்து வாங்கப் போகட்டும். டொக்டர் கேட்கும்போது செய்தால் போதும். செய்யும்போது அதே பரிசோதனையையே செய்ய வேண்டும். பி.என்.பி.யும் என்.ரி.-புரோ-பி.என்.பி.யும் ஒரே எண்ணைத் தருவன அல்ல. ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டு ஏறிவிட்டது, இறங்கிவிட்டது என்று மனம் குழம்பக்கூடாது.

எண்ணை இறக்குவது மருந்துதான், அதுவும் முழு அளவில் ஒழுங்காக எடுக்கும் மருந்து. 2022இல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு போகிறவர்களுக்கு மருந்தளவை இரண்டு வாரத்துக்குள் முழு அளவுக்கு ஏற்றி, அடிக்கடி கூப்பிட்டுப் பார்த்தார்கள். பத்திரமாகப் போகிறதா என்று பார்க்க இதே இரத்த எண்ணையும் பயன்படுத்தினார்கள். ஆறு மாதத்தில் மௌத்தானவர்களும் மீண்டும் இருதய பலவீனத்தால் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் சேர்ந்து அந்தக் கூட்டத்தில் நூற்றுக்கு 15 பேர். வழக்கம்போல் கவனிக்கப்பட்டவர்களில் 23 பேர். ஆகவே கிளினிக்கில் குளிசையைக் கூட்டினால் ‘உம்மாவுக்கு வருத்தம் கடுமையாகிவிட்டது’ என்று பயப்படாதீர்கள். கூட்டுவதுதான் வைத்தியம்.

நம் வீடுகளில் நடப்பது வேறு. 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்து, பேராதனை போதனா வைத்தியசாலையிலேயே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்த நாட்கள் நினைவிருக்கும். அப்போது ஒரு குளிசையை இரண்டாக உடைத்துப் போட்டுப் பழகியவர்களில் சிலர் இன்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. இன்னொன்று, கலியாண வீட்டுக்குப் போகும் நாளில் தண்ணீர்க் குளிசையை விட்டுவிடுவது. ‘போற இடத்தில அடிக்கடி பாத்ரூம் போக வெக்கமா இருக்கு’ என்பார்கள். உங்கள் உம்மாவும் அப்படித்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். டொக்டரிடம் கேட்டால் குளிசையின் நேரத்தை மாற்றித் தருவார். கலியாணத்தால் வந்த பிறகு எடுக்கலாம். ஒரு நாளும் இல்லாமல் விடுவது வேறு விஷயம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய இடம் ஒன்று உண்டு. உம்மா டிசம்பரிலிருந்தே கதிரையில் இருந்து தொழத் தொடங்கினார், முழங்கால் வலி என்று பார்மசியில் குளிசை வாங்கிப் போட்டார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவர் கதிரைக்கு மாறியது முழங்காலால்தானா? ருகூவுக்குக் குனிந்ததும் அல்லது ஸஜ்தாவில் நெற்றியை வைத்ததும் மூச்சு முட்டியதா? கேட்டுப் பாருங்கள். முன்பக்கமாகக் குனிந்தால் அரை நிமிடத்துக்குள் மூச்சு வாங்குவது இருதய பலவீனத்தின் ஓர் அடையாளம் என்று 2014இல் அமெரிக்க வைத்தியர்கள் ஒரு தனிப் பெயரே வைத்தார்கள். அவர்கள் செருப்பு நாடா கட்டுவதில் கண்டதை, நாம் நாளைக்கு ஐந்து நேரத் தொழுகையில் காணலாம், கவனித்தால்தான் காணலாம். வீட்டில் ஒரு மூத்தவர் காரணம் சொல்லாமல் கதிரைக்கு மாறினால், ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள் சகோதரிகளே.

மற்றது அந்த வலிக் குளிசை. டைக்ளோபெனாக், ஐபியுபுரோபன் வகை மருந்துகள் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும். பலவீனமான இருதயத்துக்கு அது நேர் எதிரி. ஜனவரி இரவுக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அந்த அட்டை இன்னும் அலுமாரியில் இருந்தால் இன்றைக்கே எடுத்து டொக்டரிடம் காட்டுங்கள்.

இந்தப் புதிய பரிசோதனையைப் பற்றிப் பேசும்போது, கிளினிக் கொப்பியில் ஏற்கனவே எழுதியிருக்கும் மலிவான எண்களை மறந்துவிடுகிறோம். அவையும் வரப்போவதைச் சொல்லக் கூடியவையே. கிரியேட்டினின் ஏறிக்கொண்டே போனால் சிறுநீரகமும் சேர்ந்து தளர்கிறது என்று பொருள். சோடியம் 135க்குக் கீழே போவது இருதய பலவீனத்தில் கவனிக்க வேண்டிய குறி. இங்கே ஒரு பெரிய தவறு நடக்கிறது. சோடியம் என்றால் உப்புத்தானே, குறைந்திருக்கிறதே என்று கறியில் உப்பைக் கூட்டுகிறார்கள்! இந்த நோயில் சோடியம் குறைந்து தெரிவது பெரும்பாலும் உப்புப் போதாமல் அல்ல. நீர் தேங்கி அது கரைந்து போவதால். உப்பைக் கூட்டினால் இன்னும் நீர் தேங்கும். கருவாடு, மாசிச் சம்பல், அச்சாறு, பப்படம், நோன்புக் கஞ்சியில் போடும் சூப் கட்டி எல்லாவற்றிலும் உப்பு ஒளிந்திருக்கிறது. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம், ஒரு தேக்கரண்டிக்கும் உட்பட்ட அளவு, போதும் என்பது சுகமாக இருப்பவர்களுக்கே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. பொட்டாசியம் கூடியிருந்தால் செவ்விளநீரையும், ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதையும் டொக்டரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம். ஸ்பைரனோலெக்டோன் குளிசை எடுப்பவர்களுக்கு இது மிக முக்கியம்.

இரும்புச்சத்து இன்னொன்று. இருதய பலவீனம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இது குறைவு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் பெரிட்டின் என்ற அளவு 100க்குக் கீழ் இருந்தால், இந்த நோயாளிகளில் அதைக் குறைவு என்றே கொள்கிறார்கள். லெப் ரிப்போர்ட்டில் பெண்களுக்கு அச்சிட்டிருக்கும் சாதாரண அளவு அதைவிட மிகத் தாழ்விலிருந்து தொடங்குவதால், ‘நோர்மல்’ என்று மடித்து வைத்துவிடுவோம். நரம்பில் ஏற்றும் இரும்பு களைப்பைக் குறைத்ததை 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இரும்புக் குளிசை விழுங்கியதால் அவ்வாறான பலன் வரவில்லை என்று 2017இல் இன்னொன்று காட்டியது. அடுத்த தடவை பெரிட்டின் பார்க்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

உம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் மகள்மாருக்கும் ஒரு சொல். கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவத்துக்குப் பின் ஐந்து மாதம் வரை, முன்பு எந்த நோயுமில்லாத இளம் பெண்ணுக்கும் இருதயம் பலவீனப்படுவதுண்டு. அபூர்வம்தான். ஆனால் நாற்பது நாளைக்குள் கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கி, இருமல் வந்தால், ‘பிள்ளைப் பெத்த களைப்பு’ என்று மருந்துத் தண்ணீர் அவித்துக் கொடுத்து நாளைக் கடத்துகிறோம். அங்கே இந்த ஒரு இரத்தப் பரிசோதனை டொக்டருக்கு உடனே ஒரு துப்பைக் கொடுக்கும்.

மருந்துக்கு அடங்காமல் போகிறவர்களுக்கும் வாசல் மூடிவிடவில்லை. நம் நாட்டின் முதல் இருதய மாற்றுச் சத்திரசிகிச்சை 2017 ஜூலையில் நடந்தது கொழும்பில் அல்ல, கண்டி ஆஸ்பத்திரியில்தான். இருதயத்தைப் பெற்றவர் ஒரு பெண். உங்கள் உம்மா இருக்கும் கட்டம் அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறது.

சகோதரியே, உம்மாவிடம் மறைக்காதீர்கள். குளிசையை விழுங்குவதும் உப்பைக் குறைப்பதும் அவர். ‘ஏழாயிரத்தில் இருந்தது நாலாயிரத்துக்கு வந்திருக்கிறது, உம்மா’ என்று சொன்னால், கலியாண நாளிலும் குளிசையைத் தவறவிடாமலிருக்க அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும். ஸுப்ஹ் தொழுததும், சலம் கழித்துவிட்டு, நாஷ்டாவுக்கு முன் தினமும் நிறை பார்க்கச் சொல்லுங்கள். கலண்டரில் எழுதி வையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் கொண்டு போங்கள். ரமழானில் நோன்பு பிடிப்பதா என்பதை டொக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை எடுக்க உம்மா வெட்கப்பட வேண்டியதில்லை.

நானாவை உடனே வரச் சொல்வதற்கு இந்த எண்ணில் எந்தக் காரணமும் இல்லை. உம்மாவுக்குப் பார்க்க ஆசையாக இருந்தால் அது வேறு. அதற்கு லெப் ரிப்போர்ட் வேண்டியதில்லை. இன்றிரவே அவருக்கு அந்தப் படத்தை மீண்டும் அனுப்புங்கள். இந்தத் தடவை ஜனவரி மாத ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.